கூட யார் வந்திருக்காங்க?

புற்றுநோய் சிகிச்சைக்கு என்னிடம் புதிதாக வருபவரின் கேஸ் ஷீட்டில் பெயர், வயது, அதற்குப் பக்கத்தில் மணமானவரா இல்லையா என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். பல வருடங்கள் அதைப் பார்க்காமலே தாண்டிப் போயிருக்கிறேன். மாதவிடாய் எப்போது நின்றது, எத்தனை பிரசவம், வீட்டில் வேறு யாருக்காவது மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்றுநோய் உண்டா என்று எனக்கு வேண்டியதெல்லாம் அதற்குக் கீழேதான் தொடங்கும். இப்போது அந்தக் கட்டத்தில் கொஞ்சம் நிற்கிறேன்.

நிற்க வைத்தது 2013இல் வந்த ஓர் ஆய்வு. அமெரிக்காவின் சீர் (SEER) என்ற புற்றுநோய்ப் பதிவேட்டிலிருந்து சினைப்பைப் புற்றுநோய் வந்த கிட்டத்தட்ட 50,000 பெண்களை எடுத்துப் பார்த்திருந்தார்கள். நோய் கண்டுபிடித்து ஐந்து ஆண்டுகள் கழித்து, மணமானவர்களில் 45 விழுக்காட்டினர் உயிரோடு இருந்தார்கள். மணமாகாதவர், விவாகரத்தானவர், கணவரை இழந்தவர் எல்லாரையும் சேர்த்த மற்ற கூட்டத்தில் 33 விழுக்காடுதான்.

கணவரை இழந்தவர்களுக்கு வயது கூடுதலாக இருக்கும், வேறு நோய்களும் இருக்கும், அதனால் வந்த வித்தியாசமாக இருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஓரளவு அது உண்மைதான். ஆனால் வயது, ஸ்டேஜ், அறுவை சிகிச்சை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் இடைவெளி முழுதாக மூடவில்லை. அதே ஆண்டில் வந்த இன்னொரு ஆய்வு, பத்து வகைப் புற்றுநோய்களில் 7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பார்த்தது. மணமானவர்கள் நோய் பரவிய பிறகு வருவது குறைவாக இருந்தது, முறையான சிகிச்சை கிடைப்பது அதிகமாக இருந்தது. இவற்றைக் கழித்துப் பார்த்தாலும் இறக்கும் அபாயம் சுமார் 20 விழுக்காடு குறைவாகவே நின்றது. அந்த ஆய்வின்படி, கல்யாணத்தால் வரும் லாபம் பெண்களைவிட ஆண்களுக்குத்தான் அதிகம். இதைப் படிக்கிற பெண்கள் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

சரி, கல்யாணம் புற்றுநோய்க்கு மருந்தா? இல்லை. பதிவேட்டில் அந்தக் கட்டம் இருப்பதால் அதை எண்ணுகிறார்கள், அவ்வளவுதான். வீட்டில் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதற்குத் தனிக் கட்டம் கிடையாது. தாலியோ மோதிரமோ இல்லாமல் இருபது வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்கூடப் பல பதிவுகளில் தனி ஆளாகத்தான் நிற்பார்.

பக்கத்தில் ஆள் இருப்பது இந்த நோயில் ஏன் இவ்வளவு பெரிதாகிறது? இது பேசாமல் வளர்கிற நோய். வயிறு உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுவது, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டிய அவசரம். ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் வாயுத் தொல்லை என்று ஒதுக்கிவிடலாம். ஒதுக்கத்தான் செய்கிறார்கள். புதிதாகத் தொடங்கி, மாதத்தில் 12 நாளுக்கு மேல் வந்தால் காட்டிவிட வேண்டும் என்பது நாங்கள் சொல்லும் கணக்கு. நோயில்லாத எல்லாருக்கும் பரிசோதனை செய்து முன்கூட்டியே பிடித்துவிடலாமே என்றால், பிரிட்டனில் 2 லட்சம் பெண்களைச் சேர்த்து, அவர்களில் பாதிப் பேருக்கு அதைச் செய்து பார்த்தார்கள். சிஏ-125 ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ ஆண்டுதோறும் செய்தும் இறப்பு குறையவில்லை என்று 2021இல் முடிவு வந்தது. பாப் ஸ்மியர் இதைப் பிடிக்காது, அது கருப்பை வாய்க்கானது. ஆக, உடம்பில் வரும் மாற்றத்தை யாராவது கவனிப்பதுதான் கையில் இருக்கும் வழி.

ஒரு பெண்மணி நினைவுக்கு வருகிறார். (இங்கே வருபவர்களின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) ஓய்வு பெற்றவர், தனியாக வாழ்ந்தவர், எதையும் நேர்த்தியாகச் செய்பவர். நான்கு மாதமாக வாயு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். துணிகளின் இடுப்பைப் பிரித்துத் தைத்துக்கொண்டார், அதையும் நேர்த்தியாகத்தான். என்னிடம் வந்தபோது வயிறு முழுக்க நீர், மூன்றாம் ஸ்டேஜ். எதிரே உட்கார்ந்து சாப்பிட ஒருவர் இருந்திருந்தால், தட்டில் பாதி மிச்சமாவதைப் பார்த்து முதல் மாதமே சண்டை போட்டிருப்பார்.

கீமோவிலும் இதே கதைதான். பொதுவாக மூன்று வாரத்துக்கு ஒரு முறை, ஆறு முறை. ஒவ்வொரு முறைக்கும் பிறகு ஒரு வாரம், பத்து நாள் வாக்கில், கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்குப் போகும். அந்தச் சமயத்தில் 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தால் அந்த நிமிடமே மருத்துவமனைக்கு வர வேண்டும், விடியட்டும் என்று இருக்கக் கூடாது. மேலே சொன்னவர் ராத்திரி பதினொரு மணிக்கு நடுங்க ஆரம்பித்து, காலை எட்டு மணிக்குத் தானே வண்டி பிடித்து வந்தார். ரத்த அழுத்தம் கீழே இறங்கியிருந்தது. ஏன் யாரையும் கூப்பிடவில்லை என்று கேட்டால், "நடுராத்திரியில யாரைத் தொந்தரவு பண்றது டாக்டர்?" என்கிறார். பிழைத்துக்கொண்டார். அடுத்த கீமோ மட்டும் தள்ளிப்போனது.

எங்கள் பக்கமும் தப்பு உண்டு. துணைக்கு ஆள் இல்லாத ஒருவரைப் பார்த்தால், இவ்வளவு பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு இவரை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கை தயங்கும். தயக்கத்தில் கொஞ்சம் லேசான சிகிச்சையாகவே பார்த்துவிடலாமா என்று மனம் போகும். நானும் அப்படி யோசித்திருக்கிறேன். ஆள் இல்லை என்றால் ஆளுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும், சிகிச்சையைக் குறைப்பது நியாயமில்லை.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். குழந்தை பெறாதவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு சற்று அதிகம் என்பது உண்மை. கர்ப்பக் காலத்தில் கருமுட்டை வெளியாவது நின்றிருக்கும், அதுதான் அங்கே பாதுகாப்பு. கருத்தடை மாத்திரையும் அதே வேலையைத்தான் செய்கிறது. இது நோய் வருவதைப் பற்றிய விஷயம், வந்த பிறகு பிழைப்பதைப் பற்றியது இல்லை. படுக்கையில் கிடப்பவரிடம் போய் "கல்யாணம் பண்ணியிருந்தா வந்திருக்காது" என்று சொல்பவர்களை வார்டுக்கு வெளியே அனுப்பியிருக்கிறேன்.

இனி மறுபக்கம். மணமானவர் என்று கட்டத்தில் டிக் இருக்கும், கணவர் கூடவே வந்திருப்பார், ஆனால் வெளியே போனில் இருப்பார். கீமோ முடிந்த அன்று சாயங்காலமே அந்த அம்மா வீட்டில் எல்லாருக்கும் சமைப்பார். 2009இல் அமெரிக்காவில் மூளைக்கட்டி போன்ற கடும் நோய் வந்த 515 பேரைத் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு உண்டு. நோயாளி மனைவியாக இருந்தபோது 20.8 விழுக்காடு தம்பதிகள் பிரிந்தார்கள். நோயாளி கணவராக இருந்தபோது பிரிந்தது 2.9 விழுக்காடு. எங்கள் கட்டத்தில் இதெல்லாம் ஏறாது. அது நோய் கண்டுபிடித்த நாளோடு உறைந்துவிடும்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது 2012இல் வந்த, சினைப்பைப் புற்றுநோய் உள்ள 168 பெண்களைப் பற்றிய ஆய்வு. மனதுக்கு நெருக்கமான உறவுகள் உள்ளவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்திருந்தார்கள். ஆனால் வேலைகளில் ஒத்தாசை கிடைப்பதற்கும் ஆயுளுக்கும் தொடர்பு தெரியவில்லை. வண்டி, சாப்பாடு, மருந்துச் சீட்டு, இவைதான் காரணம் என்று நான் பந்தயமே கட்டியிருப்பேன். சின்ன ஆய்வுதான். இருந்தாலும், ஒத்தாசைக்கு ஆள் போட்டுவிட்டோம், நம் கடமை முடிந்தது என்று நினைக்கும் உறவினர்களிடம் இதைச் சொல்கிறேன்.

இப்போது முதல் நாளே ஒரு கேள்வி கேட்கிறேன். "ராத்திரி ரெண்டு மணிக்குக் காய்ச்சல் வந்தா யாரைக் கூப்பிடுவீங்க?" மணமானவர்களிடமும் கேட்பேன். சிலர் யோசிக்காமல் பெயர் சொல்வார்கள். சிலர் கணவரைப் பார்த்துவிட்டு அக்கா பெயரைச் சொல்வார்கள். யாரும் இல்லை என்றால் அங்கேயே உட்கார்ந்து ஒருவரைத் தேடுவோம். கூட வேலை பார்த்தவர், தோழி, அத்தை மகள், யாராக இருந்தாலும் சரி. அவரிடம் வீட்டுச் சாவி ஒன்று இருக்க வேண்டும், வெள்ளை அணுக்கள் குறைகிற அந்த நாட்களில் தினம் ஒரு போன். மருத்துவர் பேசும்போது உடன் உட்கார்ந்து எழுதிக்கொள்ள ஒருவர் இருந்தால் நல்லது, நேரில் வர முடியாவிட்டால் ஸ்பீக்கரில் போடுங்கள். சமூகப் பணியாளர் இருக்கும் மருத்துவமனை என்றால் தயங்காமல் அவரைக் கேளுங்கள்.

போன வருடம் இதே கேள்விக்கு ஒருவர் வெகுநேரம் யோசித்தார். அப்புறம் எதிர் வீட்டுக்காரர் பெயரைச் சொன்னார். சிரித்துக்கொள்வதோடு சரி, உள்ளே போய் உட்கார்ந்ததுகூட இல்லையாம். "கேட்டுப் பாக்கறேன்" என்றார், அவ்வளவு நம்பிக்கை இல்லாமல். மூன்றாவது கீமோவுக்கு இரண்டு பேராக வந்தார்கள். எதிர் வீட்டு அம்மா கையில் ஒரு நோட்டு, அதில் தினசரி காய்ச்சல் அளவு, எனக்கு ஏழு கேள்விகள். ராத்திரியில் கூப்பிடத் தயங்குகிறாரா என்று அவரைத் தனியாக விசாரித்தேன்.

"அவங்க எங்க டாக்டர் கூப்பிடுவாங்க? நான்தான் படுக்கப் போறதுக்கு முன்னாடி கதவைத் தட்டிட்டுப் போறேன்."