‘பழைய பீர் பீப்பாய்’ வாங்கும் முன்

பிரிட்டிஷ் பழம்பொருள் ஏலங்களில் ‘பீர் ஆலையின் ஸ்டோன்வேர் பீப்பாய்’ (ஸ்டோன்வேர் என்பது அதிகச் சூட்டில் சுட்ட கெட்டிக் களிமண் பாண்டம்) என்று போட்டிருந்தால், முதலில் அந்த ‘பீர்’ என்ற சொல்லையே சந்தேகியுங்கள். தேன்பழுப்பு உடம்பு, நடுவில் சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் தாங்கும் அரச முத்திரை, சுற்றிலும் திராட்சைக் கொடி, கீழே டேப்புக்கு, அதாவது திறந்து ஊற்றும் குழாய்க்கு, ஒரு துளை. இப்படி இருந்தால் பெரும்பாலும் அது மதுக்கூடத்தில் பிராந்தி, ரம், ஜின் நிரப்பி வைத்த பீப்பாய். பீர் போனது ஓக் மரப் பீப்பாய்களில். உருட்டி, மோதி, நிலவறைக்குள் இறக்குவதற்கு மரம்தான் தாங்கும். 9 கேலன், அதாவது சுமார் 41 லிட்டர் பிடிக்கும் ‘ஃபிர்கின்’ அளவை மண்ணில் செய்து உருட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பீர் ஆலைகளும் ஸ்டோன்வேரைப் பயன்படுத்தின. ஆனால் அவை வீடுகளுக்குப் பீர் அனுப்பிய கேலன் கணக்கு ஜாடிகள். ஆலையின் பெயரும் ஊரும் மேலேயே இருக்கும். சிலவற்றில் அடியில் டேப் துளையும் உண்டு. ஆலைப் பெயருக்காகச் சேகரிப்பவர் தேட வேண்டியது இவற்றைத்தான். விலையும் பெரும்பாலும் அந்தப் பெயருக்குத்தான். மோசடியும் அங்கேதான் நடக்கிறது: பெயரில்லாத ஜாடியில் பின்னாளில் பெயர் ஏற்றிவிடுகிறார்கள்.

கண்டுபிடிக்க 10 மடங்கு லென்ஸ் போதும். ஈரமண்ணில் அச்சுக் குத்திச் சுட்ட எழுத்து என்றால் மெருகு (சூளையில் பாண்டத்தின் மேல் படியும் கண்ணாடிப் பூச்சு) எழுத்தின் பள்ளத்துக்குள்ளும் இறங்கித் தேங்கியிருக்கும். பள்ளத்தின் அடி உடம்பைவிடக் கருத்துப் பளபளக்கும், விளிம்பு மழுங்கியிருக்கும். சுட்ட பிறகு குடைந்த எழுத்தில் அடி சொரசொரப்பாக, மங்கிய மண் நிறத்தில் தெரியும்; விளிம்பில் மெருகு பொடிப்பொடியாகச் சிதறியிருக்கும். கறுப்பு மையில் அச்சிட்ட பெயர் என்றால் நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். மெருகுக்கு அடியில் இருந்தால் நகம் தடுக்காது. லென்ஸில் எழுத்துக்கு மேலே நுண்குமிழிகள் தெரியும். நகம் தடுக்கினால் விலை பேசாதீர்கள்.

மெருகு இரண்டு வகை. சூளை 1200 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் உள்ளே சாதாரண உப்பை எறிவார்கள். ஆவியாகும் சோடியம் களிமண்ணிலுள்ள சிலிக்காவோடு சேர்ந்து கண்ணாடியாகப் படியும். ஆரஞ்சுத் தோல் போன்ற புள்ளிகள் அதன் அடையாளம். மற்றது 1835 வாக்கில் பிரிஸ்டலில் வில்லியம் பவல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த வழவழப்பான மெருகு; மேலே காவி, கீழே வெண்ணெய் நிறம். நம் ஊறுகாய் ஜாடியைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்க வேண்டாம்.

காலம் கணிக்கக் குயவரின் சிறு முத்திரையைத் தேடுங்கள். ‘டௌல்டன் அண்ட் வாட்ஸ்’ (லண்டனின் லாம்பெத் பகுதியில் இருந்த மண்பாண்ட நிறுவனம்) என்றால் 1850களின் நடுப்பகுதிக்கு முந்தியது. ‘இங்கிலாந்து’ என்ற சொல் சேர்ந்திருந்தால் பொதுவாக 1891-க்குப் பிந்தியது. அமெரிக்கச் சுங்கச் சட்டம் கேட்டதால் வந்த பழக்கம் அது. டௌல்டனின் லாம்பெத் ஆலை 1956-ல் மூடப்பட்டது.

விரிசல் பார்க்க, பீப்பாயைத் துணிமேல் வைத்து விரல்முட்டியால் தட்டுங்கள். முழுப் பாண்டம் மணிபோல் ஒலிக்கும். விரிந்தது ‘தொப்’ என்னும். அதிகம் விரிவது டேப் துளையைச் சுற்றித்தான். காரணம், இறுகிப்போன பழைய மர டேப்பை யாரோ முறுக்கி இழுத்திருப்பார்கள். டேப் வராவிட்டால் அப்படியே விடுங்கள். துளையைச் சுற்றி இருட்டில் புறஊதா டார்ச் அடித்துப் பாருங்கள். ஒட்டுப்போட்ட இடத்தில் பசை பெரும்பாலும் வேறு நிறத்தில் ஒளிரும்.

கறை போக பிளீச் ஊற்றவே கூடாது. விரிசலுக்குள் இறங்கும் உப்பு காய்ந்து படிகமாகி, மெருகை உள்ளிருந்து தள்ளி உதிர்க்கும். வெதுவெதுப்பான நீரும் மென்மையான சோப்பும் போதும். குளிர்ந்திருக்கும் பாண்டத்தில் கொதிநீர் ஊற்றினால் அப்போதே பிளக்கும்.

இதில் பீரோ வைனோ ஊற்றிப் பரிமாறலாமா? வேண்டாம். உப்பு மெருகிலும் பிரிஸ்டல் மெருகிலும் ஈயம் சேர்ப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் உள்பக்கம் பூசியது என்னவென்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. பழைய உலோக டேப்பில் ஈயம் இருக்கலாம். கொட்டகையில் கிடந்த காலத்தில் உள்ளே மண்ணெண்ணெய் இருந்ததா, களைக்கொல்லி இருந்ததா என்பதும் தெரியாது. கடையில் கிடைக்கும் ஈயச் சோதனைக் குச்சி தொட்ட இடத்தை மட்டுமே காட்டும். ஆய்வகத்தில் 4 சதவீத அசிட்டிக் அமிலத்தை நிரப்பி 24 மணி நேரம் வைத்து, கசிந்த ஈயத்தை அளப்பார்கள்; 3 லிட்டருக்கு மேற்பட்ட சேமிப்புக் கலங்களுக்கு ஐரோப்பிய வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். அதில் தேறினாலும் விரிசலில் ஊறிய களைக்கொல்லி அந்தச் சோதனையில் தெரியாது.