பிரையரி: சொல்லும் பொருளும்

இங்கிலாந்தின் இடைக்கால வரலாற்றைப் படித்தால் ஏபி, பிரையரி என்ற இரண்டு சொற்களும் மாறி மாறி வரும். இரண்டும் கிறிஸ்தவத் துறவிகளின் மடங்கள்தான். தமிழில் எழுதுகிறவர்கள் இரண்டுக்குமே 'மடாலயம்' என்று போட்டுவிட்டு மேலே போய்விடுகிறார்கள். பாதி இடங்களில் அது போதும். யார் யாருக்குக் கீழே என்ற பேச்சு வரும்போதுதான் சிக்கல்.

லத்தீனில் 'பிரயோர்' என்றால் முந்தையவர், மேலானவர். நம் அலுவலகங்களில் புழங்கும் 'பிரயாரிட்டி'யும் இதே வேரிலிருந்து வந்ததுதான். துறவிகளில் முன் நிற்பவர் பிரையர். அவர் தலைமையில் உள்ள மடம் பிரையரி. 'ஏபட்' வேறு வழி வந்த சொல். தந்தை என்று பொருள்படும் அரமேயச் சொல்லான 'அப்பா', கிரேக்கத்திலும் லத்தீனிலும் புகுந்து ஏபட் ஆனது. அவர் ஆளும் மடம் ஏபி. ஏபிக்குள்ளும் ஒரு பிரையர் இருப்பார். அங்கே அவர் ஏபட்டுக்கு அடுத்த இடத்தில் இருப்பவர்.

அப்படியானால் பிரையரி என்றாலே சின்ன மடமா? இல்லை. வட இங்கிலாந்தின் டர்ஹாம் பேராலயத்தை நடத்தியது ஒரு பிரையரிதான். அங்கே ஆயரே ஏபட்டின் இடத்தில் வைத்து எண்ணப்பட்டதால் மடத்தை நடத்தியவர் பிரையர் ஆனார். லிண்டிஸ்ஃபார்ன் தீவிலிருந்த பிரையரியோ அந்த டர்ஹாமுக்கே அடங்கிய கிளை. கார்த்தூசியன் என்ற துறவற சபையில் ஏபட் என்ற பதவியே கிடையாது. அவர்களுக்கு எல்லாம் பிரையர்தான். அகுஸ்தினார் சபை மடங்களும் பெரும்பாலும் பிரையரிகளே. பிரெஞ்சு ஏபிகளுக்குக் கட்டுப்பட்டு இங்கிலாந்தில் இருந்தவற்றை 'அயல் பிரையரி' என்றார்கள். பிரான்ஸோடு போர் மூண்டபோதெல்லாம் அரசர்கள் அவற்றில் கை வைத்தார்கள். 1414இல் அரசர் ஐந்தாம் ஹென்றி அவற்றை ஒரேயடியாக மூடிவைத்தார்.

யார்க்‌ஷயரில் வார்ஃப் ஆற்றங்கரையில் இருக்கும் போல்டன் பிரையரி இந்தக் குழப்பத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே இருந்தது அகுஸ்தினார் சபையின் பிரையரி. ஒரு நாளும் அது ஏபியாக இருந்ததில்லை. ஆனால் ஊரின் பெயர் போல்டன் ஏபி! ரயில் நிலையத்திலும் அதே பெயர்தான்.

1120 வாக்கில் எம்ஸே என்ற ஊரில் தொடங்கிய இந்த மடம் 1154இல் போல்டனுக்கு மாறியது. நிலம் கொடுத்தவர் அலிஸ் டி ரூமிலி என்ற சீமாட்டி. ஆறு ஒடுங்கிப் பாயும் ஸ்ட்ரிட் என்ற இடத்தைத் தாண்டிக் குதிக்கப்போன அவருடைய மகன் மூழ்கி இறந்தான், அந்தத் துக்கத்தில்தான் தாய் நிலத்தைக் கொடுத்தாள் என்று ஊரில் கதை உண்டு. நல்ல கதைதான். ஆனால் நிலம் கைமாறிய சாசனத்திலேயே அந்த மகனின் பெயர் இருக்கிறது, அதாவது அப்போது அவன் உயிரோடுதான் இருந்தான்!

மடத்தின் பிழைப்பு ஆட்டு மயிரில் ஓடியது. 1315 முதல் 1317 வரை விடாத மழையும் பஞ்சமும் வாட்ட, 3,000க்கு மேல் இருந்த ஆடுகள் 1,000க்கும் கீழே போயின. அடுத்த சில ஆண்டுகளில் ஸ்காட்லாந்துப் படைகள் சூறையாடின. துறவிகள் சிதறிப்போய் வேறு மடங்களில் தங்கினார்கள்.

கடைசி பிரையர் ரிச்சர்ட் மூன். 1520இல் மேற்குக் கோபுரத்துக்கு அடித்தளம் போட்டு, கல்லில் ஆண்டையும் பொறித்து, 'மூன்' என்ற தன் பெயரை எழுதாமல் ஒரு நிலாவைச் செதுக்கி வைத்தார். கோபுரம் முடியவில்லை. ஆண்டு வருமானம் 200 பவுண்டுக்குக் குறைந்த மடங்களை மூட 1536இல் சட்டம் வந்தது; போல்டன் அதைச் சற்றே தாண்டியிருந்ததால் தப்பியது. 1539 ஜனவரியில் அரசர் எட்டாம் ஹென்றியின் ஆட்கள் அதையும் எடுத்துக்கொண்டார்கள். கோயிலின் மேற்குப் பகுதி மட்டும் ஊர் மக்களின் பங்குக் கோயிலாக நின்றது. இன்றும் அங்கே வழிபாடு நடக்கிறது. மூனின் கோபுரத்துக்குக் கூரை போட்டது 1980களில்!

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'ஆதீனம்' வேண்டாம், அது சைவ மரபோடு ஒட்டிப்போன சொல். 'கன்னியர் மடம்' பெண் துறவியரின் மடத்துக்கே பொருந்தும். 'சிறுமடம்' என்று எழுதினால் டர்ஹாம் இடிக்கும். பொதுவாகத் 'துறவு மடம்' என்பதே போதும். லிண்டிஸ்ஃபார்ன் போன்றவற்றுக்கு நம் ஆதீனங்களில் வழங்கும் 'கிளை மடம்' கச்சிதமாகப் பொருந்துகிறது. ஏபட்டை மடாதிபதி என்றும் பிரையரை மடத்து முதல்வர் என்றும் எழுதலாம். ஏபிக்குள் இரண்டாம் இடத்தில் இருக்கும் பிரையரைச் 'சின்னப்பட்டம்' என்று சொல்ல ஆசையாக இருக்கும். ஆனால் சின்னப்பட்டம் அடுத்து பீடமேறப் போகிறவர். பிரையருக்கு அந்த உறுதி கிடையாது. அவரைத் 'துணை மடாதிபதி' என்றால் சரியாக வரும். ஊர்ப்பெயரை மட்டும் தொட வேண்டாம். 'போல்டன் ஏபியில் உள்ள துறவு மடம்' என்று எழுதினால் ஊரும் தப்பாது, வரலாறும் தப்பாது.