ஃப்ளாட் வட்டி ‘நிலையான வட்டி’ ஆகாது

நுண்கடன், அதாவது ஏழைகளுக்கான சிறு கடன், படிவங்களில் ஃப்ளாட் வட்டியை ‘நிலையான வட்டி’ என்று தமிழாக்குகிறார்கள். தப்பு. கடன் முடியும்வரை விகிதம் மாறாமல் இருந்தால் அது நிலையான வட்டி. அதற்கு எதிர் மாறும் வட்டி. ஃப்ளாட் என்பதோ விகிதத்தைப் பற்றிய சொல்லே இல்லை. எந்தத் தொகைக்கு வட்டி போடுகிறார்கள் என்பதுதான் விஷயம். பாதிக் கடனை அடைத்த பிறகும், முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கே வட்டி போட்டால் அது ஃப்ளாட்.

வங்கதேசத்தில் 1983இல் வங்கியாக உருவெடுத்த கிராமீன் வங்கியின் பழைய கடன்முறையைப் பாருங்கள். 1,000 டாக்கா (வங்கதேச நாணயம்) கடன், 50 வாரத் தவணை. வாரம் 20 டாக்கா அசல், 2 டாக்கா வட்டி. மொத்த வட்டி 100 என்பதால் பத்து சதவீதம் போலத் தெரியும். ஆனால் 25ஆவது தவணை கட்டியதும் நிற்கும் கடன் 500தான். ஐம்பது வாரத்துக்கும் சராசரி பார்த்தால் 510. அதற்கு 100 டாக்கா வட்டி என்றால் கிட்டத்தட்ட 20 சதவீதம். கிராமீன் வங்கி 20 என்றே சொல்கிறது. 10 என்று காட்டிக் கடன் கொடுப்பவர்களுக்குத்தான் ‘நிலையான’ என்ற சொல் வசதி. மாறாது, ஏறாது, பயமில்லை என்று கேட்பவர் நினைத்துக்கொள்வார்.

   

‘தட்டை வட்டி’ என்று சிலர் எழுதுகிறார்கள். தட்டைப் பயறு உண்டு, தட்டை முறுக்கு உண்டு, வட்டி எப்படித் தட்டையாகும்? ‘முழுமுதல் வட்டி’யில் கணக்கு சரி, ஆனால் காதில் விழுவது பிள்ளையார். ‘சமச்சீர் வட்டி’ இன்னும் மோசம்: ஏதோ நியாயமான வட்டி போல ஒலிக்கிறது. அகராதியில் முதலில் கண்ணில் படும் பொருளை எடுத்து ஒட்டுவதுதான் இந்த மொழிபெயர்ப்பாளர்களின் வேலை. தவணை எழுதும் கடன் அட்டையை ஒருமுறை புரட்டிப் பார்த்திருந்தால் போதும்.

ஊரில் ‘ரெண்டு பைசா வட்டி’ என்றால் நூற்றுக்கு மாதம் ரெண்டு ரூபாய் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்தத் தெளிவு வேண்டுமென்றால் ஃப்ளாட்டுக்கு முழுக்கடன் வட்டி, நிற்கும் கடனுக்கு மட்டும் போடுவதற்கு மீதிக்கடன் வட்டி என்ற இணை போதும். மீதிக்குப் பதில் பாக்கி என்றாலும் குறையில்லை; தூய்மை பார்த்து ‘எஞ்சுநிலுவை’ என்று போட்டால் கையெழுத்துப் போடுகிறவருக்கு எதுவும் விளங்காது.

அட்டையில் வட்டிப் பத்தி முதல் வாரமும் கடைசி வாரமும் ஒரே தொகையைக் காட்டினால், தலைப்பில் என்ன எழுதியிருந்தாலும் அது முழுக்கடன் வட்டி. வட்டியைத் தனியே காட்டாவிட்டால், மொத்தத் தவணையிலிருந்து கடன் தொகையைக் கழித்து, வருவதைக் கடனில் பாதியால் வகுக்கலாம். ஓராண்டுக் கடனுக்கு உண்மை விகிதம் ஏறக்குறைய வந்துவிடும். கொடுக்கும்போதே பிடித்துக்கொள்ளும் செயலாக்கக் கட்டணத்தையும் காப்பீட்டையும் வட்டியோடு சேர்த்த பிறகே வகுக்க வேண்டும்.