டைட்ரேஷனும் பத்தரை மாற்றும்

ஊட்டிப் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். பிளஸ் டூ செய்முறை வகுப்பில் கரும்பலகையில் 'தரம் பார்த்தல்' என்று தலைப்பு எழுதித் திரும்பியதும் முன்வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "சார், தரம் பார்க்கறதுன்னா ஃபேக்டரியில தேயிலையத் தரம் பிரிக்கிற மாதிரியா?"

அவள் வீட்டில் தேயிலைத் தோட்டம் உண்டு. இலை ஒரு விலை, டஸ்ட் ஒரு விலை என்று கேட்டே வளர்ந்தவள். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. டைட்ரேஷனுக்கு நம் பாடநூல் வைத்த தமிழ்ச்சொல் தரம் பார்த்தல். அந்தத் தரம் யாருடைய தரம், எதைக்கொண்டு பார்ப்பது என்று நானும் அவளுக்கு அதுவரை சொல்லியிருக்கவில்லை.

செயல் என்னவென்றால், செறிவு தெரிந்த கரைசல் ஒன்று, தெரியாத கரைசல் ஒன்று. தெரியாததைப் பிப்பெட்டால் அளந்து கூம்புக் குடுவையில் விடுகிறோம். தெரிந்ததைப் பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக இறக்குகிறோம். இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும் இடத்தில் நிறம் மாறும். எத்தனை மில்லிலிட்டர் இறங்கியது என்ற கணக்கிலிருந்து தெரியாததன் செறிவு கிடைக்கும். தெரிந்ததைக்கொண்டு தெரியாததை அளப்பது. வேறொன்றும் இல்லை.

இனி சொல்லின் கதை. லத்தீனில் 'டிட்டுலுஸ்' என்றால் பெயர்ப்பலகை, பொறிப்பு. ஆங்கிலத்தில் அது 'டைட்டில்' ஆனது. பிரெஞ்சில் அதே வேரிலிருந்து வந்த 'டித்ர்' என்னும் சொல்லுக்குத் தலைப்பு என்ற பொருளோடு இன்னொரு பொருளும் சேர்ந்தது: ஒரு நாணயத்தில் அல்லது நகையில் பொன்னும் வெள்ளியும் எந்த அளவுக்குச் சுத்தம் என்பது. நம் நகைக்கடையில் 916 என்று முத்திரை குத்தித் தருகிறார்களே, ஆயிரத்தில் 916 பங்கு பொன் என்று, ஏறக்குறைய அதுதான். பொருளின் மேல் அதன் சுத்தத்தை எழுதி வைப்பது. 1828இல் பிரெஞ்சு வேதியியலாளர் கே-லூசாக் அந்தச் சொல்லை வினையாக்கிக் கரைசல்களுக்குக் கொண்டுவந்தார். பொன்னுக்குச் சுத்தம் பார்த்த சொல், அமிலத்துக்கும் காரத்துக்கும் செறிவு பார்க்கும் சொல்லானது. பியூரெட், பிப்பெட் என்ற பெயர்களும் 1824இல் அவர் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தவைதாம். அவருக்கு முன்பே, 1791இல், தெக்ருவாசில் என்பவர் முதல் பியூரெட்டைச் செய்துவிட்டார். துணி வெளுக்கும் குளோரின் நீரின் வலுவை அறிய அவர் அவுரி நீலத்தைத்தான் அதில் விட்டு வெளுக்கவைத்துப் பார்த்தார். நம் ஊர் அவுரிக்கு அங்கே அப்படி ஒரு வேலை.

ஆக, டைட்ரேஷன் என்ற சொல் பிறந்தது பத்தர் பட்டறையில். அந்தப் பட்டறைக்குத் தமிழில் சொல் இல்லாமலா போகும்? பொன்னின் சுத்தத்துக்குத் தமிழ்ச்சொல் 'மாற்று'. பத்தரை மாற்றுத் தங்கம் என்று இன்றும் சொல்கிறோம். கலப்பில்லாத பொன் பத்தரை மாற்று. உரைத்துப் பார்க்கும் கல்லுக்கு உரைகல் என்றும் கட்டளைக்கல் என்றும் பெயர். கட்டளைக்கல் குறளிலேயே இருக்கிறது.

என் பெரியப்பா மேட்டுப்பாளையத்தில் பத்தராக இருந்தவர். சிறுவனாகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். யாராவது பழைய நகை கொண்டுவந்தால் கருங்கல்லில் ஒரு கோடு இழுப்பார். அதன் பக்கத்திலேயே மாற்றுத் தெரிந்த பொன்னால் இன்னொரு கோடு. இரண்டையும் கண் அருகே வைத்துப் பார்ப்பார். சந்தேகம் வந்தால் இரண்டின் மேலும் ஒரு சொட்டுத் திராவகம். எந்தக் கோடு மங்குகிறது, எவ்வளவு மங்குகிறது என்று பார்த்துவிட்டுத்தான் வாய் திறப்பார். தெரிந்த பொன், தெரியாத பொன், நிறம், சொட்டு, முடிவு. பியூரெட் மட்டும்தான் இல்லை.

அப்படியானால் டைட்ரேஷனுக்கு 'மாற்றறிதல்' என்று வைத்திருக்கலாமே? பொருளின்படி பார்த்தால் இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. ஆனால் இன்றைக்கு மாற்று என்றால் மாணவர் காதில் விழுவது மாற்று வழி, மாற்று ஏற்பாடு, மாற்றுச் சான்றிதழ். வேதியியலிலேயே ஐசோமருக்கு மாற்றியம் என்று வேறொரு சொல் நிற்கிறது. சொல் நல்ல சொல்தான், இடம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது.

ஈழத்துத் தமிழ்ப் பாடநூல்களில் இதற்கு 'நியமிப்பு' என்று பெயர். பியூரெட்டை அளவி என்றும் பிப்பெட்டைக் குழாயி என்றும் அங்கே எழுதுவார்கள். இந்த இரண்டு பெயர்களும் எனக்கு மிகவும் பிடிக்கும். நாம் ஏன் எடுத்துக்கொள்ளவில்லை என்ற குறையும் உண்டு. நியமம் என்றால் திட்ட அளவு, ஆகவே செறிவு தெரிந்த திட்டக் கரைசலைக்கொண்டு அளப்பது நியமிப்பு. தருக்கம் சரி. ஆனால் இங்கே நியமனம் என்றால் வேலைக்கான ஆணை. என் மாணவர்களிடம் நியமிப்பு என்று சொன்னால் எந்த ஆபீசில் என்று கேட்பார்கள்.

மிஞ்சுவது தரம். இது லேசான சொல் அல்ல. சோழர் காலத்தில் நிலத்தை விளைச்சலின்படி வகுத்தது தரம். அப்படி வகுக்கப்படாத நிலம் தரமிலி. இன்றைய நிலப் பதிவேட்டிலும் மண் தரம் என்று ஒரு கட்டம் உண்டு. நன்று தீது என்று மட்டும் சொல்லாமல் எந்தப் படி என்று எண்ணிச் சொல்லும் சொல் அது. அதோடு 'பார்த்தல்' சேர்ந்ததும் எனக்குச் சரியாகவே படுகிறது. நாடி பார்க்கிறோம், பதம் பார்க்கிறோம். கைக்குப் பழகி, கண்ணால் முடிவு செய்யும் வேலைகளுக்கு நாம் வைக்கும் வினை பார்த்தல். மாணவி கேட்ட தரம் பிரித்தல் வேறு: அங்கே பல பொருளைச் சலித்துத் தனித்தனியாகக் குவிக்கிறோம். இங்கே ஒரே பொருள். அது எந்தப் படியில் நிற்கிறது என்று இன்னொன்றோடு ஒப்பிட்டுச் சொல்கிறோம். ஒப்பிடும் அந்த இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால்தான் சொல் மொட்டையாகத் தெரிகிறது.

அந்த இன்னொன்றுதான் திட்டக் கரைசல். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இராசராசன் கொடுத்த பொன்னையெல்லாம் 'ஆடவல்லான்' என்னும் எடைக்கல்லால் நிறுத்ததாக வரி வரியாக எழுதியிருக்கிறது. எத்தனை பொன் என்பதோடு எந்தக் கல்லால் என்பதையும் எழுதாமல் அவர்கள் விடவில்லை. நம் செய்முறைப் பதிவேட்டில் திட்டக் கரைசலின் செறிவை, அதாவது நார்மாலிட்டியை, முதலில் எழுதச் சொல்வதும் அதே காரணத்துக்குத்தான்.

மலைக்கு வந்தால் திட்டக் கரைசல் என்னும் இந்தக் கல்லே இளைக்கிறது. சமவெளியில் எழுதிய செய்முறைக் குறிப்பை அப்படியே இங்கே கொண்டுவந்தால் சறுக்கும் இடங்கள் சில உண்டு.

ஒருமுறை மேட்டுப்பாளையத்தில் தெரிந்தவர் ஒருவரின் ஆய்வகத்தில் ஒரு லிட்டர் திட்டக் கரைசல் தயாரித்து மேலே கொண்டுவந்தேன். அங்கே வெயில், கரைசல் 30 டிகிரி. மறுநாள் காலை எங்கள் ஆய்வகத்தில் 12 டிகிரி. குடுவையின் கழுத்தில் கரைசல் கோட்டுக்குக் கீழே இறங்கி நிற்கிறது. யாரோ எடுத்துவிட்டார்கள் என்று உதவியாளரிடம் கோபித்துக்கொண்டேன். "நான் தொடவே இல்லைங்க சார்," என்றார் பாவம். உண்மைதான். 30 டிகிரியிலிருந்து 12க்கு வரும்போது ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 4 மில்லிலிட்டர் சுருங்குகிறது. கண்ணாடி அவ்வளவு சுருங்குவதில்லை. பொருள் அப்படியே இருக்க, இடம் சுருங்கியதால் செறிவு கூடிவிட்டது. 25 மில்லிலிட்டர் அளவீட்டில் இது 0.1 மில்லிலிட்டர், அதாவது இரண்டு சொட்டுப் பிழை. குடுவையின் மேல் 27 டிகிரி என்றோ 20 டிகிரி என்றோ பொறித்திருப்பதை அதுவரை அலங்காரமாகத்தான் பார்த்திருந்தேன். தெரிந்த கரைசலையும் தெரியாததையும் ஒரே அறையில், ஒரே குளிரில் தயாரித்துவிட்டால் இரண்டும் சேர்ந்தே சுருங்கும், விகிதம் கெடாது. பெரியப்பா இரண்டு கோட்டையும் ஒரே கல்லில் இழுத்ததுபோல.

தராசும் அப்படித்தான். எலக்ட்ரானிக் தராசு உண்மையில் அளப்பது புவி இழுக்கும் விசையை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ஏறத்தாழ 1,900 மீட்டர் ஏற்றம். கீழே சரிபார்த்த தராசை அப்படியே மேலே கொண்டுவந்து வைத்தால் 100 கிராமுக்கு 40 முதல் 60 மில்லிகிராம் வரை குறைத்துக் காட்டும். நான்கு தசம இடம் காட்டும் தராசில் இது பெரிய பிழை. எடைக்கல்லை வைத்து இங்கேயே ஒருமுறை சரிபார்த்துவிட்டால் தீர்ந்தது. இரண்டு தட்டுத் தராசுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. பொருளும் கல்லும் சேர்ந்தே லேசாகும். ஆடவல்லானைத் தொட்டபெட்டாவுக்குத் தூக்கிவந்தாலும் அது ஆடவல்லான்தான்.

ஆடி மாத மூடுபனியில் சோடியம் ஹைட்ராக்சைடை நிறுப்பது வீண்வேலை. தராசுத் தட்டில் வைத்த வில்லைகள் கண்முன்னே கசிந்து பளபளக்கும்; நாம் எழுதும் எடையில் ஈரமும் சேர்ந்திருக்கும். தோராயமாகக் கரைத்துக்கொண்டு, ஆக்சாலிக் அமிலத்தை வைத்து அதன் செறிவைக் கண்டுபிடிப்பதுதான் எங்கும் வழக்கம். இங்கே அது கட்டாயம். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டோடு அதே ஆக்சாலிக் அமிலத்தை விடும்போது குடுவை 60, 70 டிகிரிச் சூட்டில் இருக்கவேண்டும். மார்கழிக் காலையில் அடுப்பிலிருந்து பியூரெட்டுக்கு வருவதற்குள் பாதிச் சூடு போய்விடும், இளஞ்சிவப்புக்குப் பதில் பழுப்புக் கலங்கல் வரும். அடுப்பைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளச் சொல்வேன். கிளேசியல் அசிட்டிக் அமிலம் 16.6 டிகிரியில் உறைவது. கோவையில் படித்த எனக்கு அந்தப் பெயர் ஏன் பனிக்கட்டியைச் சொல்கிறது என்று விளங்கியதே இல்லை. ஊட்டிக்கு வந்த முதல் டிசம்பரில் பாட்டில் முழுக்கக் கட்டியாக நின்றபோது விளங்கியது. வெந்நீரில் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தால் இளகிவிடும்.

நீரின் கடினத்தன்மை பார்ப்பதில் சிக்கல் வேறு விதம். லிட்டருக்கு 500 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள கீழ்நாட்டு போர்வெல் நீர் 50 மில்லிலிட்டர் எடுத்து, கடினத்தன்மை தரும் உப்புகளைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ என்னும் வேதிப்பொருளின் 0.01 மோலார் கரைசலை விட்டால் 25 மில்லிலிட்டர் இறங்கும். மலையோடை நீரில் 20 மில்லிகிராம்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்; அதே முறையில் ஒரே மில்லிலிட்டரில் நிறம் மாறிவிடும். ஒரு சொட்டு என்பது 0.05 மில்லிலிட்டர். அங்கே ஒரு சொட்டுப் பிழை 0.2 சதவீதம், இங்கே 5 சதவீதம். நீரை 100 மில்லிலிட்டராக எடுத்து, இடிடிஏவை ஐந்தில் ஒன்றாக நீர்த்துக்கொண்டால் 10 மில்லிலிட்டர் வரும், கைக்கு அடங்கும். குளிரில் நிறமும் மெதுவாகத்தான் மாறும். கடைசிச் சொட்டுகளுக்கு நடுவே பொறுமை வேண்டும்.

ஏரி நீரில் கரைந்த ஆக்சிஜனை விங்க்லர் முறையில் தரம் பார்த்தால் இன்னொரு குழப்பம். 15 டிகிரியில் கடல்மட்டத்தில் நீர் ஏற்கக்கூடிய ஆக்சிஜன் லிட்டருக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், காற்றழுத்தம் முக்கால் பங்குக்குச் சற்று மேல். இங்கே அதே நீர் நிறைந்து நின்றாலும் 7.7 தான். கீழ்நாட்டு அட்டவணையை வைத்துக்கொண்டு ஏரி மூச்சுத் திணறுகிறது என்று எழுதிவிடலாம். கணக்கில் ஒரு பிழையும் இருக்காது.

சொட்டுக்குக் கொடுக்கும் கவனத்தை மாதிரி எடுப்பதற்கும் கொடுக்கவேண்டும். இதற்கு இந்த மாவட்டத்திலேயே பழைய கதை ஒன்று உண்டு, அதுவும் பொன் கதை. 1880 வாக்கில் தேவாலா, பந்தலூர்ப் பக்கம் பாறையில் பொன் இருக்கிறது என்று லண்டனில் கம்பெனி மேல் கம்பெனியாகத் தொடங்கினார்கள். சோதனைக்குப் போன துண்டுகள் காட்டிய மாற்று, மலைமலையாக இடித்த பாறையில் இல்லை. சில ஆண்டுகளில் எல்லாம் மூடிக்கிடந்தன. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பானை முழுதும் ஒரே தீயில் ஒன்றாக வெந்திருந்தால்தான். பாறை அப்படி வேகாது, தோட்டத்து மண்ணும் அப்படி இல்லை. அதனால்தான் மண் பரிசோதனைக்கு ஒரே இடத்தில் தோண்டாமல் பல இடத்து மண்ணைக் கலந்து கொண்டுவரச் சொல்கிறார்கள்.

இவ்வளவையும் ஒரே வகுப்பில் சொல்லவில்லை. பெரியப்பாவின் கல்லையும் இரண்டு கோட்டையும் மட்டும் சொன்னேன். அடுத்த வாரம் பதிவேடு திருத்தும்போது அந்த மாணவியின் அட்டவணையில், 'பியூரெட் அளவீடு' என்று இருக்கவேண்டிய இடத்தில் 'மாற்று: 19.8 மி.லி.' என்று எழுதியிருந்தாள். பியூரெட்டிலிருந்து இறங்கிய அளவுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் டைட்டர் என்ற சொல்லுக்கு இதைவிட நேரான தமிழை நான் பார்த்ததில்லை. வெளித்தேர்வாளர் மதிப்பெண் குறைப்பார் என்று அடித்துவிட்டுப் பாடநூல் சொல்லையே எழுதச் சொன்னேன். பென்சிலால் மெல்லிசாகத்தான் அடித்தாள்.