கட்டிக்குள் நடக்கும் பேச்சு

அறுவை சிகிச்சையில் எடுத்த புற்றுநோய்க் கட்டியை மெல்லிய சீவலாக வெட்டி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்தால் புற்றுச் செல்கள் மட்டும் தெரிவதில்லை. ரத்தக் குழாய்கள், நார்த்திசு, பல கட்டிகளில் கூட்டங்கூட்டமாக வெள்ளை அணுக்களும் தெரியும். நோயை அழிக்க வேண்டியவை நோய்க்குள்ளேயே இருக்கின்றன. அப்புறம் ஏன் கட்டி வளர்கிறது?

அந்தச் செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் சேதிகளைக் கவனித்தால் புரியும். சேதி என்பது இங்கே ஒரு சின்னப் புரதம். சைட்டோகைன் என்று பெயர். ஒரு செல் அதை வெளியே விடும். அதற்கான ஏற்பி உள்ள பக்கத்துச் செல் அதைப் பிடித்துத் தன் போக்கை மாற்றிக்கொள்ளும். இவற்றில் இன்டர்ஃபெரான் காமாவை மட்டும் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நம் செல்கள் தம் உள்ளே இருக்கும் புரதங்களின் துணுக்குகளை மேற்பரப்பில் காட்டிக்கொண்டே இருக்கும். டி செல்கள் என்ற ஒருவகை வெள்ளை அணுக்கள் அவற்றைத் தடவிப் பார்க்கும். துணுக்கு அந்நியமாகப் பட்டால் தாக்கும். கூடவே இன்டர்ஃபெரான் காமாவையும் விடும். அக்கம்பக்கத்துச் செல் அதைப் பிடித்ததும், ஏற்பியின் உட்பக்கம் ஒட்டியிருக்கும் ஜாக்1, ஜாக்2 நொதிகள் விழித்துக்கொள்ளும். அவை ஸ்டாட்1 என்ற புரதத்தைத் தூண்ட, அது உட்கருவுக்குள் போய் நூற்றுக்கணக்கான மரபணுக்களை இயக்கும்.

இதனால் புற்றுச் செல் முன்பைவிட அதிகத் துணுக்குகளை வெளியே காட்ட நேர்கிறது, ஒளிந்திருப்பது கஷ்டமாகிறது. சிஎக்ஸ்சிஎல்9, சிஎக்ஸ்சிஎல்10 என்ற வேறு சேதிப் புரதங்களும் கசிகின்றன. அந்தத் தடம் பிடித்து மேலும் டி செல்கள் வந்து சேர்கின்றன. இந்தச் சேதியைக் கேட்க முடியாத எலிகளுக்குப் புற்றுநோய் அதிகம் வருகிறது என்று செயின்ட் லூயிஸ் நகரில் ராபர்ட் ஷ்ரைபர் குழு 2001இல் காட்டியது.

சரி, இதுவரை நல்ல சேதிதான். ஆனால் அதே ஸ்டாட்1 வழியாகவே பிடி-எல்1 என்ற புரதமும் புற்றுச் செல்லின் மேல் முளைக்கிறது. டி செல்லின் மேலுள்ள பிடி-1 என்ற ஏற்பியை அது தொட்டால் டி செல் ஓய்ந்துபோகும். தாக்கு என்ற கட்டளையும் நிறுத்து என்ற கட்டளையும் ஒரே மூலக்கூறிலிருந்து வருகின்றன! உடலுக்கு இது தேவையான ஏற்பாடு: கிருமியை விரட்டப் போன செல்கள் ஓயாவிட்டால் நம் நுரையீரலையும் ஈரலையும் சேர்த்தே சிதைத்துவிடும். அந்தத் தடையைப் புற்றுநோய் தனக்குக் கவசமாக்கிக்கொள்கிறது.

பிடி-1 மரபணுவை ஜப்பானின் தாசுகு ஹோன்ஜோ குழு 1992இல் கண்டறிந்தது. அந்தத் தொடுகையைத் தடுக்கும் மருந்துகள் 2014இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. கட்டியில் பிடி-எல்1 நிறைய இருந்தால், பல வகைப் புற்றுநோய்களில் இந்த மருந்து நன்றாகப் பிடிக்க வாய்ப்பு அதிகம். எனக்கு மிகவும் பிடித்த புதிர் இது. கவசம் போட்டிருக்கிறது என்றால், பெரும்பாலும் டி செல்கள் ஏற்கெனவே வந்து தாக்கத் தொடங்கிவிட்டன என்று பொருள்.

சில கட்டிகளில் டி செல்கள் உள்ளேயே வருவதில்லை. டிஜிஎஃப்-பீட்டா என்ற சேதி நார்த்திசுவைத் தடிக்கச் செய்ய, அவை ஓரத்திலேயே நின்றுவிடுகின்றன.

சேதி எங்கே சொல்லப்படுகிறது என்பதும் முக்கியம். டி செல்களைப் பெருக்கும் இன்டர்லூகின்-2 சிறுநீரகப் புற்றுநோய்க்கு 1992இல் அனுமதி பெற்றது. சிலருக்கு நோய் முழுவதுமாக மறைந்தது. ஆனால் மருந்து ரத்தம் முழுக்கப் பரவுவதால் குழாய்களிலிருந்து நீர் கசிந்து, ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு விழும். மாறாக, ஆரம்ப நிலைச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு பிசிஜியை நேராகப் பைக்குள்ளேயே செலுத்துகிறார்கள். நம்மில் பலருக்குக் கையில் தழும்பாக நிற்கும் அதே தடுப்பூசிக் கிருமிதான். வாரம் ஒருமுறை, ஆறு வாரம். பைக்குள் கிளம்பும் சைட்டோகைன்களை நோயாளியின் சிறுநீரிலேயே அளக்க முடிகிறது.

புற்றுச் செல்கள் செவிடாகவும் கற்றுக்கொள்கின்றன. பிடி-1 மருந்தால் குணம் கண்டு, பிறகு மெலனோமா என்ற தோல் புற்றுநோய் திரும்பிய நான்கு பேரின் கட்டிகளை லாஸ் ஏஞ்சலிஸ் ஆய்வாளர்கள் 2016இல் ஆராய்ந்தார்கள். ஒருவரிடம் ஜாக்1, இன்னொருவரிடம் ஜாக்2 பழுதாகியிருந்தது. இன்டர்ஃபெரான் காமா வந்து தட்டினாலும் உட்கருவுக்குத் தகவல் போகவில்லை. மூன்றாமவரிடம் பழுது வேறிடத்தில்: துணுக்குகளை மேற்பரப்பில் ஏந்திக் காட்ட உதவும் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் சிதைந்திருந்தது. டி செல்கள் தடவிப் பார்க்க அங்கே துணுக்கே இல்லை.