கண்ணை மூடச் சொன்னேன், வகுப்பே சிரித்தது

மலேசியாவின் செபராங் பிறையில், பட்டர்வொர்த் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளி. மைண்ட்ஃபுல்னஸ் என்கிற, இந்த நொடியில் நடப்பதைக் கவனிக்கப் பழக்கும் மனவிழிப்புப் பயிற்சி நடத்த முதன்முதலாக அங்கே போனபோது என் கையில் ஒரு சிறிய மணியும் பத்து நிமிட ஒலிப்பதிவும் இருந்தன. நான்காம் ஆண்டு வகுப்பு. ரேஹாட் என்கிற இடைவேளை முடிந்து, வியர்த்து விறுவிறுத்து வந்து உட்கார்ந்த முப்பது பிள்ளைகள். "கண்ணை மூடுங்கள், மூச்சைக் கவனியுங்கள்" என்றேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை, பின்வரிசையில் ஒருவன் குறட்டைச் சத்தம் போட்டான். வகுப்பே சிரித்தது. அது பரவாயில்லை. ஜன்னலோரம் இருந்த ஒரு சிறுமி அழ ஆரம்பித்தாள். வீட்டில் அண்மையில் ஒரு சாவு என்று பிறகுதான் தெரிந்தது. கண்ணை மூடினால் சில பிள்ளைகளுக்கு அமைதி வராது, மூடி வைத்ததெல்லாம் எழுந்து வரும். இதைப் படித்துப் பட்டம் வாங்கிய ஆலோசகர் நான், அன்று மறந்துபோனேன்.

பிறகு பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2022இல் வெளிவந்தது. 85 பள்ளிகள், 11 முதல் 14 வயதுள்ள 8,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள். ஒரு பாதிப் பள்ளிகளில் ஆசிரியர்களே மனவிழிப்புப் பாடம் எடுத்தார்கள், மற்றவற்றில் வழக்கமான மனநலப் பாடம். முடிவில் இரு தரப்புக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பயிற்சி செய்யவே இல்லையாம். சிலர் இதைப் பார்த்துவிட்டு மனவிழிப்பே வீண் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீட்டுப்பாடம் மாதிரி கொடுத்தால் பிள்ளைகள் அதை வீட்டுப்பாடம் மாதிரிதான் நடத்துவார்கள்.

கோபம் தலைக்கேறிய பத்து வயதுப் பையனிடம் "கொஞ்சம் யோசித்துப் பாரேன்" என்கிறோம். யோசித்து நிதானிக்கும் வேலையைப் பார்க்கும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர இருபது வயதும் தாண்ட வேண்டும். ஆத்திரம் வரும்போது முதலில் கைவிடுவதும் அதுதான். நெஞ்சு படபடக்கிறது, கை இறுகுகிறது, காது சூடாகிறது. அந்த நேரத்தில் புத்திமதி ஏறாது, உடம்பு வழியாகத்தான் உள்ளே போக முடியும். இதயத்தை மெதுவாக அடி என்று நாம் சொல்ல முடியாது, மூச்சை நீட்ட முடியும். இழுக்கும் மூச்சைவிட விடும் மூச்சு நீளமானால், மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைக் கொஞ்சம் தணிக்கிறது.

இதையெல்லாம் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை. சடுகுடு போதும். 'சடுகுடு சடுகுடு' என்று ஒரே மூச்சில் பாடும்போது மூச்சு வெளியே மட்டும்தான் போகிறது. கோடு தாண்டி ஓட வேண்டாம், யார் காலையும் பிடிக்க வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்தபடியே, யார் நீளமாகப் பாடுவது என்று போட்டி. முதல் சுற்று காது கிழியும். பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்ப்பார். மூன்றாவது சுற்றில் பாருங்கள், வகுப்பே முணுமுணுக்கும். மெல்லப் பாடினால்தான் மூச்சு நீளும் என்று அவர்களே கண்டுபிடித்திருப்பார்கள். மூன்று சுற்றோடு நிறுத்திவிடுங்கள், தலை சுற்றும். ஆஸ்துமா உள்ள பிள்ளையை நடுவராக வையுங்கள்.

கண்ணை மூடுவதற்குப் பதில் இப்போது சத்தம் பிடிக்கிறோம். ஒரு நிமிடம், எத்தனை சத்தம் கேட்கிறது என்று விரல் விட்டு எண்ண வேண்டும். கண் திறந்தே இருக்கலாம். காற்றாடி, காக்கா, தூரத்தில் ரொட்டிக்காரர் ஹாரன், சிற்றுண்டிச்சாலையில் பாத்திரம் கழுவுவது. ஒருமுறை ஒருத்தி, "எங்க வயிறு சத்தமும் கணக்கா டீச்சர்?" என்று கேட்டாள். கணக்குத்தான். அந்த ஒரு நிமிடத்தில் நடப்பது மனவிழிப்பு என்று அவர்களிடம் நான் சொல்வதில்லை.

அப்புறம், பெயர் வைப்பது. நம் பிள்ளைகளிடம் என்ன ஆச்சு என்று கேட்டால் வருவது இரண்டே பதில்: 'ஒன்னுமில்ல', 'கெராமா இருக்கு'. மலாய்ச் சொல்தான், ஆனால் எங்கள் ஊர்த் தமிழில் கெராம் இல்லாமல் கோபமே கிடையாது. அதற்குள் அவமானம் இருக்கலாம், பொறாமை இருக்கலாம், ஏக்கம் இருக்கலாம். தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடு சொல்கிறது: நகை, அழுகை, இளிவரல் (இழிவு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை. மெய்ப்பாடு என்றால் மெய்யில் படுவது, உடம்பில் தெரிவது. நான் எட்டையும் அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன். ஒருவர் அட்டையை எடுத்துப் பேசாமல் நடிக்க வேண்டும், மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். வெகுளி சுலபம், எல்லோரும் அப்பாவைப் போல் நடிப்பார்கள். பிள்ளைகள் திணறுவது பெருமிதத்தில். தன்னைப் பற்றிப் பெருமையாக எப்படி நிற்பது என்று தெரியாமல் நெளிகிறார்கள். ஆறு வருடமாக இதைப் பார்க்கிறேன், இன்னும் எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

தோற்கவும் பழக்க வேண்டும். 'ஒன் டூ சோம்' ரயில் என்று ஒன்று ஆடுவோம், கல்-காகிதம்-கத்திரிக்கோல் மாதிரி கைவிளையாட்டு. இருவர் இருவராகக் கை நீட்டுவது, தோற்றவர் ஜெயித்தவரின் பின்னால் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் பெயரைக் கத்துவது. ஐந்து நிமிடத்தில் வகுப்பே இரண்டு ரயிலாகிவிடும்.

அந்த ரயிலில் ஏற மாட்டேன் என்று நின்றவன் ஒருவன். எதில் தோற்றாலும் அவனுடைய பென்சில் பெட்டி பறக்கும். என் அறைக்கு அனுப்பினார்கள். நாங்கள் தரையில் உட்கார்ந்து 'பத்து செரம்பான்' ஆடினோம், கல்லாங்காய் மாதிரி ஆட்டம், மலாயில் 'பத்து' என்றால் கல். பச்சைப்பயறு போட்டுத் தைத்த ஐந்து குட்டி மூட்டைகள். ஒன்றை மேலே எறிந்து, மற்றதை அள்ளி, விழுவதற்குள் பிடிக்க வேண்டும். தவறிக்கொண்டே இருக்கும் ஆட்டம், அதனால்தான் அதை எடுத்தேன். நான்காவது முறை நழுவியதும் கையை ஓங்கினான்.

"இப்ப எங்க சூடா இருக்கு?" என்று கேட்டேன்.

முறைத்தான். கொஞ்ச நேரம் கழித்து, "காது" என்றான்.

அவ்வளவுதான் அன்றைய வேலை. அடுத்தடுத்த வாரங்களில், காது சூடானால் எறிவதற்கு முன் மூட்டையை உள்ளங்கையில் வைத்து அமுக்குவது, ஒரு சடுகுடு மூச்சு விடுவது என்று சேர்த்துக்கொண்டோம். ஒரு மூட்டையைக் கால்சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டான். இதையெல்லாம் அமைதியாக இருக்கும்போது தினமும் ஐந்து நிமிடம் பழக வேண்டும். கோபம் வந்த பிறகு கற்றுக்கொடுப்பது வெள்ளம் வந்தபின் அணை கட்டுகிற கதை. கையில் ரோத்தானை, அதாவது பிரம்பை, வைத்துக்கொண்டு "மூச்சை இழுத்து விடு" என்று அதட்டினாலும் நடக்காது. பிள்ளை முதலில் பார்ப்பது நம் முகத்தைத்தான்.

விளையாட்டால் எல்லாம் சரியாகிவிடாது. 2022ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், 13 முதல் 17 வயதுள்ள மலேசியப் பிள்ளைகளில் நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வின் அறிகுறி தெரிந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் பிள்ளை சரியாகத் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, பிடித்த ஆட்டத்தில்கூட மனம் இல்லை என்றால் ஆலோசகரிடமோ அரசாங்கக் கிளினிக்கிலோ காட்டுங்கள். உடம்பைக் காயப்படுத்திக்கொண்டால், சாவைப் பற்றிப் பேசினால், இரண்டு வாரம் பார்க்காதீர்கள், அன்றைக்கே போங்கள். மலேசியாவின் உதவித் தொலைபேசி 'தாலியான் காசிஹ்' 15999, 24 மணி நேரமும் எடுப்பார்கள். "கண் பட்டிருக்கும், சுத்திப் போட்டால் சரியாகிடும்" என்று காத்திருந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். சுத்திப் போடுங்கள், போட்டுவிட்டுக் கூட்டிக்கொண்டு போங்கள்.

அந்தப் பையன் இப்போது ஆறாம் ஆண்டு. போன மாதம் மறுபடியும் பென்சில் பெட்டி பறந்ததாக வகுப்பாசிரியை சொன்னார். சிதறியதை அவனே பொறுக்கினானாம். "காது முன்னாடியே சொல்லுச்சு டீச்சர், நான்தான் கேக்கல" என்றானாம். உடைந்த மூடியில் டேப் ஒட்டி வைத்திருக்கிறான்.