காய்ச்சலுக்குப் பயந்து மேடேறிய தண்டு

பெங்களூர் சிவாஜிநகரில் ஒரு மாரியம்மன் கோயில் உண்டு. தண்டு மாரியம்மன் என்று பெயர். தண்டு என்றால் படை, பாசறை. அல்சூரில் இருந்த எங்கள் பாட்டி கன்டோன்மென்ட் என்ற சொல்லைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. ஜோலார்பேட்டைப் பக்கத்திலிருந்து யார் வந்தாலும் "தண்டு ஸ்டேஷன்ல இறங்கிடு" என்றுதான் சொல்லி அனுப்புவார். 1864-ல் ரயில் முதலில் வந்து நின்றது அந்த ஸ்டேஷனில்தான். பேட்டை என்ற பழைய ஊர்ப் பக்கத்து சிட்டி ஸ்டேஷன் பிறகுதான் வந்தது.

படை ஏன் இங்கே வந்தது? காய்ச்சல்தான் காரணம்.

1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு ஆங்கிலேயப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தங்கியது. அது காவிரி நடுவில் இருக்கும் தீவு. சுற்றிலும் வாய்க்கால், வயல். சிப்பாய்கள் குளிர்க் காய்ச்சலில், அதாவது மலேரியாவில், விழுந்தபடி இருந்தார்கள். கடைசியில் படையை பெங்களூருக்கு நகர்த்தி, 1809-ல் அல்சூரை ஒட்டிய மேட்டுநிலத்தில் கன்டோன்மென்ட் அமைத்தார்கள். மதராஸ் படையோடு சிப்பாய், கொத்தனார், வண்டிக்காரர், சரக்குக் கடைக்காரர் என்று தமிழ்க் குடும்பங்களும் வந்து சேர்ந்தன. இன்றைக்கும் அல்சூரில் தமிழ் காதில் விழுவது அதனால்தான்.

மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. சதுப்பிலிருந்து கிளம்பும் கெட்ட காற்றுதான் காய்ச்சல் தருகிறது என்று நம்பினார்கள். மலேரியா என்ற பெயருக்கே கெட்ட காற்று என்றுதான் பொருள். அதனால் உயரமான, காய்ந்த, காற்றோட்டமான இடமாகத் தேடினார்கள். காரணம் தவறு. ஆனால் தேர்ந்த இடம் சரியாகவே அமைந்தது. அது எப்படி என்று பார்க்கலாம்.

பெங்களூர் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 920 மீட்டர். ஸ்ரீரங்கப்பட்டணம் சுமார் 680. ஒரு கிலோமீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6.5 டிகிரி குறையும் என்ற கணக்கில், இரண்டு ஊருக்கும் ஒன்றரை டிகிரிதான் வித்தியாசம். கொசுவின் உடலுக்குள் மலேரியாக் கிருமி முழுதாக வளர, 25 டிகிரி வெப்பத்தில் சுமார் 12 நாள் வேண்டும். 20 டிகிரியில் ஏறக்குறைய நான்கு வாரம். பெரும்பாலான கொசுக்கள் அவ்வளவு காலம் உயிரோடு இருப்பதில்லை. ஆக குளிர் உதவும்தான், ஆனால் ஒன்றரை டிகிரியில் கிடைப்பது இரண்டு மூன்று நாள் தாமதம் மட்டுமே. இதனால் மட்டும் ஒரு படை பிழைத்துவிடாது.

என் கணிப்பில் பெரிய காரணம் நிலத்தின் சரிவு. பெங்களூர் ஒரு முதுகுமேட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. மேற்கே விழும் மழை விருஷபாவதி வழியாக அர்க்காவதிக்குப் போய்க் காவிரியில் கலக்கிறது. கிழக்கே அல்சூர்ப் பக்கம் விழும் மழை பெல்லந்தூர் வழியாகத் தென்பெண்ணையில் சேர்ந்து கிருஷ்ணகிரி அணைக்குப் போகிறது. எந்தப் பக்கம் பெய்தாலும் தண்ணீர் வழிந்து ஓடிவிடும். தென்னிந்தியக் கிராமங்களில் மலேரியாவைப் பரப்பும் முக்கியமான அனாஃபிலிஸ் வகை, வாய்க்காலிலும் ஆற்றுக் குட்டைகளிலும் புதிதாக நீர் பாய்ச்சிய வயலிலும் முட்டையிடும். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இவையெல்லாம் வாசலிலேயே இருந்தன. இந்த மேட்டிலோ அப்படிப்பட்ட இடம் குறைவு.

கெட்ட காற்றுப் பயம் ஊரின் உருவத்தையும் தீர்மானித்தது. 1863-ல் வெளிவந்த அரச ஆணையத்தின் அறிக்கை, இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களில் ஆண்டுக்கு 1,000 பேருக்கு 69 பேர் இறப்பதாகச் சொன்னது. பெரும்பாலும் போரினால் அல்ல, நோயினால். படைமுகாம் எங்கும் இடைவெளியும் காற்றும் வேண்டும் என்ற எண்ணம் இன்னும் வலுத்தது. அகன்ற சாலை, நடுவில் பெரிய பரேடு மைதானம், மரங்கள் சூழ்ந்த காம்பவுண்டுக்குள் தள்ளி நிற்கும் பங்களா. எம்.ஜி. ரோட்டிலிருந்து இன்ஃபன்ட்ரி ரோடு வரை நடந்தாலே அது புரியும். ஆனால் அந்த இடைவெளி அதிகாரிகளுக்குத்தான். அவர்களுக்குச் சமைத்து, துவைத்து, கட்டிடம் எழுப்பிய நம் ஆட்கள் பிளாக்பள்ளியில், அதாவது இன்றைய சிவாஜிநகரில், சந்துகளில் நெருங்கி வாழ்ந்தார்கள். 1898-ல் பிளேக் வந்த பிறகுதான் நெரிசலைக் குறைக்க ஃப்ரேசர் டவுன் போன்ற புதுப் பகுதிகள் எழுந்தன. எனக்கு இன்றும் உறுத்துவது இதுதான்.

சரி, தண்ணீர் வழிந்து ஓடும் மேட்டில் குடிக்க என்ன செய்வது? ஆறு கிடையாது. இருந்ததெல்லாம் ஏரிகள்தான். மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையைச் சேர்ந்த ரிச்சர்ட் சாங்கி 1882-ல் கன்டோன்மென்ட்டின் தண்ணீருக்காக ஓர் ஏரி வெட்டினார். சாங்கி டேங்க் என்று இன்றும் அவர் பெயர்தான். வீடுகளில் தொட்டியிலும் பீப்பாயிலும் தண்ணீர் பிடித்து வைத்தார்கள்.

அடுத்த ஆண்டு, 1883-ல், ரொனால்ட் ராஸ் என்ற இளம் படை மருத்துவர் இங்கே வேலைக்கு வந்தார். தங்கிய பங்களாவில் கொசுத்தொல்லை தாங்கவில்லை. வெளியே இருந்த ஒரு தொட்டியில் புழுக்கள் நெளிவதைப் பார்த்து, அதைக் கவிழ்த்தார். கொசு குறைந்தது. அவருக்கு அப்போது மலேரியா எப்படிப் பரவுகிறது என்று தெரியாது. 14 ஆண்டு கழித்து செகந்திராபாத்தில், கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டவர் இவரேதான்.

உங்கள் வீட்டு வாளியிலும் இதைப் பார்க்கலாம். புழு தலைகீழாகத் தொங்கினால் சாதாரணக் கொசுவாகவோ டெங்கு பரப்பும் வகையாகவோ இருக்கும். நீர்மட்டத்தோடு ஒட்டிப் படுத்தாற்போல் மிதந்தால் அனாஃபிலிஸ். மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் வளர்கிற ஓர் அனாஃபிலிஸ் வகை உண்டு, நகரத்து மலேரியா அதன் வேலை. வயல் கொசுவிடமிருந்து தப்பி மேடேறியவர்கள், தண்ணீரைச் சேமித்து இந்தக் கொசுவுக்கு இடம் கொடுத்தார்கள்.

ஊர் பெருத்தபோது ஏரிகள் போதவில்லை. 1890-களில் ஹெசரகட்டாவிலிருந்து தண்ணீர் வந்தது. அதுவும் போதாமல் 1974 முதல் காவிரி வருகிறது. ஸ்ரீரங்கப்பட்டணத்தைத் தாண்டிச் சிவசமுத்திரம் நோக்கி ஓடும் அதே ஆற்றிலிருந்து, சுமார் 100 கிலோமீட்டர் தூரம், மூன்று கட்டமாக பம்பு வைத்து, ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்துக்கு ஏற்றுகிறார்கள். அல்சூரில் எங்கள் தெருக் குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருவது அந்தத் தண்ணீர்தான். வராத நாளுக்கென்று டிரம்மில் பிடித்து, மூடி போட்டு, ஓரத்தில் துணி செருகி வைக்கிறோம்.